சூரியனை மறைக்க 150 மீட்டர்

கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகளைப் படமெடுத்துப் பிழைப்பவனுக்குச் சூரியன் பாதி நேரம் தொல்லைதான். கோக்கர்ஸ் வாக்கில் வந்து நிற்பவர்களுக்குப் பின்னணியில் பள்ளத்தாக்கு வேண்டும். காலை வேளையில் வெயிலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். முகம் கறுத்துவிடும், லென்ஸுக்குள் நேராக வெளிச்சம் பாய்ந்து படம் வெளுத்துப்போகும். அதனால் விளக்குக் கம்பமோ, மரமோ, சில சமயம் புது மாப்பிள்ளையின் தலையோ, எது அகப்படுகிறதோ அதற்குப் பின்னால் சூரியனை ஒளித்துவிட்டுத்தான் பொத்தானை அமுக்குவோம். எதுவும் அகப்படாவிட்டால் இடது கையை நீட்டி லென்ஸுக்கு நிழல் பிடித்துக்கொண்டு வலது கையால் எடுப்போம். இதெல்லாம் யாரும் பாடம் நடத்திச் சொல்லிக்கொடுத்ததில்லை. வெளுத்த படங்களுக்குப் பணம் தர மறுத்த வாடிக்கையாளர்கள் சொல்லிக்கொடுத்தது.

2025 ஜூன் 16 அன்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் சில சூரியப் படங்களை வெளியிட்டது. சீசன் முடிந்து கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. நடுவில் கறுப்பு வட்டம், சுற்றிலும் இழை இழையாகப் பிரிந்து நீளும் கொரோனா, அதாவது சூரியனின் வெளிப்புற வளிமண்டலம். முழு சூரிய கிரகணத்தில் எடுத்தது போலவே இருந்தது. ஆனால் அன்றைக்குக் கிரகணம் எதுவும் இல்லை. புரோபா-3 என்ற சோதனைத் திட்டத்தின் இரண்டு செயற்கைக்கோள்கள் ஒன்றுக்கொன்று 150 மீட்டர் இடைவெளியில் பறந்து, முன்னால் இருப்பது தன் 1.4 மீட்டர் அகலத் தட்டால் சூரியனை மறைக்க, பின்னால் இருப்பது அந்த நிழலுக்குள் நின்று படம் பிடித்திருக்கிறது. தொழில் பாசத்தில் அந்தப் படத்தை என் மைத்துனருக்கு அனுப்பிவைத்தேன்.

அவர் வத்தலக்குண்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர். என் மனைவிக்கு அண்ணன். எதைக் கண்டாலும் முதலில் விலையைக் கேட்பார். 20 கோடி டாலருக்குச் சற்று அதிகம் என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு கூப்பிட்டார். "மாப்பிள்ளை, தட்டைத் தூக்கிப் பிடிக்க ஒரு செயற்கைக்கோள், படம் எடுக்க இன்னொன்று. நீங்கள் ஒரே ஆளாகக் கையை நீட்டி மறைத்துக்கொண்டு எடுக்கிறீர்களே, அவர்களுக்கு அது தோன்றவில்லையா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். விண்வெளியில் காற்று இல்லை, வானம் இருண்டிருக்கும், அதனால்தான் என்று ஏதோ சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. வானம் இருட்டாக இருக்கும் இடத்துக்குப் போய்விட்ட பிறகு ஒரே செயற்கைக்கோளில் ஒரு கம்பியை நீட்டி அதன் முனையில் ஒரு தட்டை மாட்டினால் போதாதா? எதற்காக அது தனியாகப் பறக்க வேண்டும்? கேள்வி மனதில் உட்கார்ந்துகொண்டது.

திண்டுக்கல்லில் பார்த்த வளையம்

2019 டிசம்பர் 26 வளையக் கிரகணத்தைப் பார்க்க நான் மலையிலிருந்து திண்டுக்கல்லுக்கு இறங்கிப் போயிருந்தேன். மைதானத்தில் கூடியிருந்தவர்களில் விஷயம் தெரிந்தவர்போல் பேசிக்கொண்டிருந்த ஒருவர், வளையம் வந்ததும் அதைச் சுற்றிக் கிரீடம் மாதிரி கொரோனா தெரியும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பதரை மணி அளவில் வளையம் வந்தது. வெயில் மங்கி, நிழல்களின் ஓரங்கள் கூர்மையாகி, ஊரே ஒரு விதமாகிவிட்டது. கிரீடத்தை மட்டும் காணோம். சூரியனின் விட்டத்தில் 97 சதவீதத்தை நிலா மறைத்துவிட்டது; மிச்சமிருந்த மெல்லிய விளிம்பே போதும், வடிகட்டி இல்லாமல் ஏறிட்டுப் பார்க்க முடியாத அளவுக்கு. கொரோனாவின் வெளிச்சம் சூரிய வட்டத்தின் வெளிச்சத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த விளிம்பு மட்டுமே கொரோனாவைவிடப் பல்லாயிரம் மடங்கு பிரகாசம். கொஞ்சம் மறைத்தால் கொஞ்சம் தெரியும் என்கிற பேரம் கொரோனாவிடம் எடுபடாது. முழுதும் மறைக்க வேண்டும். ஆனால் அதற்கு மேல் மறைக்கக் கூடாது, ஏனென்றால் பார்க்க வேண்டியது விளிம்பை ஒட்டித்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் சூரிய ஆய்வகத்துக்கும் இதே சிக்கல்தான். 1870களின் கொடும் பஞ்சத்துக்குப் பிறகு மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று தேடப் புறப்பட்டதில் உருவானது அது. 1899இல் நிறுவப்பட்டு 1901இல் வேலையைத் தொடங்கியது. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தது இங்கேதான். 1904 முதல் சூரியனின் முழு முகத்தைப் படமெடுத்துச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். ஒரே ஆளை நூறாண்டுக்கும் மேல் படமெடுத்த ஸ்டுடியோ உலகத்தில் வேறு எத்தனை இருக்கும்! ஆனால் அந்த அன்றாடப் படங்களில் இருப்பது முகம் மட்டும். முகத்தைச் சுற்றி விரிந்திருக்கும் கொரோனாவைப் பார்க்க, மற்ற எல்லோரையும் போல எவர்ஷெட்டும் கிரகணம் விழும் ஊர்களுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. முழு கிரகணம் எவ்வளவு நீண்டாலும் ஏழரை நிமிடம்தான். 1922இல் ஒரு கிரகணத்துக்காக ஆஸ்திரேலியாவின் வாலல் வரைக்கும் போயிருக்கிறார்.

1930 வாக்கில் பிரான்ஸின் பெர்னார் லியோ தொலைநோக்கிக்குள்ளேயே தட்டை வைத்து மறைக்கும் கருவியைச் செய்தார். கொரோனாகிராஃப் என்று பெயர். அதன் வழிவந்த கருவி நம்முடைய ஆதித்யா-எல்1 கலத்தில் போயிருக்கிறது. செய்தது கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் மையம். இந்த வழியில் சூரிய வெளிச்சம் முதலில் கருவிக்குள் நுழைந்துவிடுகிறது. நுழைந்த பிறகு அதைப் பிரித்து வெளியேற்ற வேண்டும். கண்ணாடியில் ஒரு நுண்ணிய கீறல், ஒரு தூசி இருந்தாலும் அங்கிருந்து வெளிச்சம் சிதறிக் கொரோனாவை அமுக்கிவிடும். அதனால் கண்ணாடிகளை அசாத்தியமான வழுவழுப்புக்கு மெருகேற்ற வேண்டியிருக்கிறது. லென்ஸில் கைரேகை படிந்ததால் ஒரு கல்யாண ஆல்பமே வீணானதைப் பார்த்தவன் நான். அந்த வேலையின் பயம் எனக்குப் புரிகிறது. இதைவிட, வெளிச்சத்தை வாசலிலேயே நிறுத்திவிடுவதுதான் நிம்மதி. வெளியே தட்டு. அப்படியும் செய்திருக்கிறார்கள். 1995இல் ஏவப்பட்ட சோஹோ என்ற சூரிய ஆய்வுக் கலத்தில் தொலைநோக்கியின் முன்முனையில் தட்டு உண்டு. கொரோனாவின் வெளிப்பகுதியை அது அருமையாகக் காட்டியது. சூரியனை ஒட்டிய உள்பகுதிதான் அகப்படவில்லை. ஏன் என்பதில்தான் மைத்துனருக்கான பதில் இருந்தது. அது எனக்குப் பிடிபட்டது புத்தகத்தில் இல்லை.

பைன் காட்டில்

மாலை நான்கு மணி வெயில் பைன் மரங்களுக்கிடையே சாய்ந்து வந்துகொண்டிருந்தது. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த இளம் தம்பதி. சூரியன் பின்னால் இருக்க வேண்டும், ஆனால் கண்ணைக் கூசக் கூடாது என்று கேட்டார்கள். எல்லோரும் கேட்பதுதான். வழக்கம்போல் கையை நீட்டி மறைத்தேன். வெளுப்பு போய்விட்டது. ஆனால் திரையில் பார்த்தால் கையின் ஓரம் பஞ்சடைந்து, சட்டத்தின் மேல்மூலை முழுவதும் மங்கலான இருட்டு. சூரியன் இருந்த இடத்தைச் சுற்றி ஒரு கிளைகூடத் தெரியவில்லை. கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். தம்பதிக்கு அப்பால் நின்ற ஒரு பைன் மரம் சூரியனைச் சரியாக மூடும் இடத்துக்கு வந்ததும் நின்றேன். (திரையில்தான் பார்க்கிறேன். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்து இந்த விளையாட்டை யாரும் செய்யாதீர்கள்.)

அடிமரத்தின் இரு ஓரங்களும் கத்தியால் சீவியதுபோல் இருந்தன. அந்த ஓரத்தை உரசிக்கொண்டு பைன் ஊசிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒளிர்ந்தன. இரண்டு கிளைகளுக்கிடையே ஒரு சிலந்தி நூல், ஒற்றை நூல், முழுநீளமும் மின்னியது. கையால் மறைத்தபோதும் அது அங்கேதான் இருந்திருக்கும். கை அதையும் சேர்த்து விழுங்கிவிட்டது. ஒன்றிரண்டு படம் எடுப்பதற்குள் மரத்தின் வலது ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் வெடித்துப் படம் மறுபடியும் வெளுத்தது. சூரியன் நகர்ந்துவிட்டது. ஓர் அடி நகர்ந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும். "அண்ணா, முடிந்ததா?" என்று அந்தப் பெண் கேட்கும்வரை நான் நிழலைத் துரத்திக்கொண்டு நகர்ந்தபடியே இருந்தேன். கையை வைத்து எடுக்கும்போது இந்தத் தொல்லை வந்ததே இல்லை. கை என்னோடு கூடவே வருகிறது. மரம் தூரத்தில் நிற்பதால் படம் சுத்தமாக இருக்கிறது. அதே காரணத்தால் அதன் நிழலில் தங்குவது கடினமாக இருக்கிறது.

இரவு கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, அதன் அகலம் ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர். வகுத்தால் 107. எந்தப் பொருளும் தன் அகலத்தைப் போல் 107 மடங்கு தூரம் வரைதான் சூரியனை முழுதாக மறைக்கும். அதற்கு அப்பால் வளையமாகிவிடும். நிலாவின் அகலம் 3,474 கிலோமீட்டர், சராசரித் தூரம் 3,84,000. வகுத்துப் பாருங்கள், 107க்குச் சற்று மேலே போகிறது. நிலா கொஞ்சம் அருகில் வந்திருந்தால் முழு கிரகணம். இல்லாவிட்டால் திண்டுக்கல் வளையம். என் கட்டை விரல் இரண்டு சென்டிமீட்டர் அகலம், நீட்டிய கையில் 60 சென்டிமீட்டர் தூரம். வகுத்தால் 30. சூரியனைப் போல் மூன்றரை மடங்கு அகலத்தை என் விரல் மறைத்துவிடுகிறது. மைத்துனரின் யோசனைப்படி எடுத்தால் படத்தில் சூரியனும் இருக்காது, கொரோனாவின் உள்பகுதியும் இருக்காது.

சிறியதை வைத்து மறைத்தால்? தாண்டிக்குடி மிளகு ஒன்றை எடுத்து அரை மீட்டர் தூரத்தில் பிடித்தால் சூரியனைச் சரியாக மூடும் அளவுதான். ஆனால் அதன் முழுநிழல் அதற்குள் கூம்பிக் கூம்பி ஒரு புள்ளியாகியிருக்கும். லென்ஸின் வாய் ஐந்து சென்டிமீட்டர் அகலம் என்றால் நடுப்புள்ளி மட்டுமே நிழலில், மற்ற இடமெல்லாம் வெயிலில். ஆக, நிழல் லென்ஸின் வாயை முழுதாக மூட வேண்டும், அதே சமயம் தட்டு சூரியனைவிடத் துளிதான் பெரிதாகத் தெரிய வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்க ஒரே வழி, தட்டைப் பெரிதாக்கித் தூரமாகக் கொண்டுபோவது. 1.4 மீட்டர் தட்டை 107ஆல் பெருக்கினால் 150 மீட்டர். அந்தத் தூரத்தை நெருங்கும்போது மிஞ்சும் முழுநிழல் எட்டு சென்டிமீட்டர் அகலம். புரோபா-3 தொலைநோக்கியின் வாய் ஐந்து சென்டிமீட்டர். கணக்கு உட்கார்ந்துவிட்டது. இன்னொன்றும் உண்டு. எந்த விளிம்பிலும் வெளிச்சம் கொஞ்சம் வளைந்து நிழலுக்குள் கசியும். பள்ளிக்கூடத்தில் விளிம்பு விளைவு என்று படித்தோமே, அது. தட்டு தூரப் போகப்போக அந்தத் தொல்லையும் குறைகிறது. மேலும் குறைக்க அந்தத் தட்டின் விளிம்பையே வளைவாகச் செய்திருக்கிறார்கள்.

150 மீட்டர் கம்பி எந்த ராக்கெட்டின் தலைக்குள்ளும் அடங்காது. அடங்கினாலும் அது ஆடும்.

இடைவெளியைப் பிடித்துவைப்பது

எனக்குச் செய்திகளின் மேல் ஒரு வருத்தம் உண்டு. எல்லாவற்றிலும் 'செயற்கைக் கிரகணம்' என்ற தலைப்பு, கொரோனாப் படம், நம் ராக்கெட்டில் போனது என்ற பெருமை. மூன்றும் சரிதான். ஆனால் புரோபா-3 முதலில் ஒரு பறத்தல் சோதனை. இரண்டு தனித்தனிக் கலங்கள் ஒரே இறுகிய கருவியைப் போல, மில்லிமீட்டர் பிசகாமல், தரையிலிருந்து யாரும் கைபிடிக்காமல் நிற்க முடியுமா என்பதுதான் கேள்வி. கொரோனாப் படம் அதற்கான தேர்வு: நின்றால் படம் விழும், பிசகினால் வெளுத்துவிடும்.

நிற்பது என்று எளிதாக எழுதிவிட்டேன். சுற்றுப்பாதையில் நிற்பது என்று ஒன்று கிடையாது. 150 மீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு கலங்களும் தத்தம் பாதையில் விழுந்துகொண்டே இருக்கின்றன, விட்டால் விலகிவிடும். அதனால்தான் பூமியிலிருந்து 600 கிலோமீட்டர் வரை நெருங்கி 60,000 கிலோமீட்டர் வரை விலகும் நீள்வட்டப் பாதை. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இருபது மணி நேரம். பூமியின் பிடி தளர்ந்திருக்கும் உச்சியில் மட்டும் ஆறு மணி நேரம் வரை வரிசைகட்டி நிற்கும் ஏற்பாடு. கீழே இறங்கும்போது பாதுகாப்பாக விலகிக்கொண்டு, மேலே ஏறும்போது மறுபடியும் ஒன்றையொன்று தேடிப் பிடிக்க வேண்டும். தட்டு வைத்திருக்கும் கலத்தின் கேமராக்கள் மற்றதன் மேல் மினுங்கும் எல்இடி விளக்குகளைத் தேடுகின்றன. நெருங்கியதும் ஒரு லேசர் கற்றை போய் எதிரொளிப்பானில் பட்டுத் திரும்பித் தூரத்தையும் சாய்வையும் சொல்கிறது. கடைசியாக, லென்ஸின் வாயைச் சுற்றியிருக்கும் உணரிகள் நிழல் எந்தப் பக்கம் மெலிந்திருக்கிறது என்று பார்க்கின்றன. அதற்குத் தகுந்தபடி தட்டுக் கலம் மிக மெல்லிய வாயுப் பீச்சலால் தன்னைத் தள்ளிக்கொள்கிறது. பைன் காட்டில் நான் கால்களால் செய்ததை அது நைட்ரஜனால் செய்கிறது. நான் அடிக்கணக்கில், அது மில்லிமீட்டரில். படங்கள் வெளியான நாள்வரை பத்துக் கிரகணங்கள் வெற்றியாக முடிந்திருந்தன. அவற்றில் நீண்டது ஐந்து மணி நேரம்.

புரோபா-3ஐ 2024 டிசம்பர் 5 அன்று பிஎஸ்எல்வி-சி59 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கொண்டுபோனது. அதே மாதம் 30ஆம் தேதி அங்கிருந்தே சி60 இன்னொரு ஜோடியைத் தூக்கிச் சென்றது. இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ், தலா 220 கிலோ. அவை கற்றுக்கொள்ளப் போனது ஒட்டிக்கொள்ள. ஜனவரி 12 அன்று மூன்று மீட்டர் வரை நெருங்கிவிட்டுப் பின்வாங்கியபோது எங்கள் ஊர் டீக்கடையில் 'கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை' என்றார்கள். ஜனவரி 16 அன்று சேர்ந்துகொண்டன. எனக்கு அந்த மூன்று மீட்டரில் நிறுத்திப் பின்வாங்க முடிந்ததுதான் பெரிதாகப் பட்டது. நிறுத்தத் தெரியாததை நெருங்கவிடக் கூடாது. ஒரே மாதத்தில் ஒரே கடற்கரையிலிருந்து போன இரண்டு ஜோடிகளில் ஒன்று கடைசி மில்லிமீட்டரைக் கடக்கவும் மற்றது 150 மீட்டரை அப்படியே காக்கவும் பழகியது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. புரோபா குடும்பத்தின் மூத்த பிள்ளை புரோபா-1ஐயும் நம் பிஎஸ்எல்விதான் கொண்டுபோனது. 2001 அக்டோபர் 22 அன்று, இஸ்ரோவின் தொழில்நுட்பச் சோதனைச் செயற்கைக்கோளான டெஸ்ஸுடன் ஒரே ராக்கெட்டில். இரண்டு ஆண்டுக்கென்று போன புரோபா-1 இருபது ஆண்டுக்கு மேல் உழைத்தது.

தூரம் வேண்டும் என்பதற்காகச் சிரமப்படுவது எங்கள் மலைக்கும் புதிதல்ல. ஆய்வகத்தின் கோபுரத் தொலைநோக்கியில், 11 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணாடி சூரியனைப் பிடித்துக் கீழே அனுப்ப, வெளிச்சம் 60 மீட்டர் நிலத்தடிச் சுரங்கத்துக்குள் கிடைமட்டமாகப் போகிறது. அந்த நீளம் இருப்பதால்தான் உள்ளே சூரியன் 34 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரிந்து விழுகிறது. நிலத்தைத் தோண்டித் தூரத்தை வாங்கியிருக்கிறார்கள். வெற்றிடத்தில் தூரம் சும்மா கிடைக்கிறது, ஆனால் அதைப் பிடித்துவைக்கத்தான் செலவு. இரண்டு கலங்கள் இப்படி நிற்கும் என்று உறுதியாகிவிட்டால், லென்ஸ் ஒன்றிலும் உணரி இன்னொன்றிலுமாக, எந்த ராக்கெட்டிலும் அடங்காத தொலைநோக்கிகளைத் துண்டு துண்டாக அனுப்பலாம்.

இதையெல்லாம் பொங்கலுக்கு வந்திருந்த மைத்துனரிடம் மிளகும் காகிதமும் வைத்துக்கொண்டு விளக்கினேன். 107ஐ அவரே இரண்டு முறை வகுத்துப் பார்த்துக்கொண்டார். கட்டை விரல் யோசனையைக் கைவிட்டார். விலையை விடவில்லை.

"நின்றுகொண்டிருப்பதற்கே வாயு செலவாகிறது என்கிறீர்கள். தீர்ந்துபோனால்?"

"திட்டமே இரண்டு ஆண்டுக்குத்தான். பிறகு பாதை தானாகத் தாழ்ந்து, சில ஆண்டுகளில் காற்றுமண்டலத்தில் எரிந்துவிடும்."

"ஸ்கிராப் மதிப்பு பூஜ்யம்" என்று காகிதத்தின் ஓரத்தில் எழுதினார்.

அவர் கேட்காத ஒன்றையும் சொல்லிவைக்கிறேன், இதைப் படிப்பவர்களில் பலர் மலைக்கு வருபவர்கள் என்பதால். 2031 மே 21 அன்று இன்னொரு வளையக் கிரகணம் தென்னிந்தியா வழியாகப் போகிறது. மே மாதம், எங்களுக்கு உச்ச சீசன். வடிகட்டிக் கண்ணாடியோடு வாருங்கள், வளையத்தோடு சேர்த்து நன்றாகவே படம் எடுத்துத் தருகிறேன். கொரோனா தெரியுமா என்று மட்டும் கேட்காதீர்கள். அன்றைக்கும் நிலா தூரமாகத்தான் இருக்கும்.